விறகுக் கணப்பில் வெப்பமானியை எங்கே வைப்பது என்று எவரும் சொல்லவில்லை

விறகு எரித்து வீட்டைச் சூடாக்கும் இரும்புக் கணப்பு வைத்திருப்பவர்களுக்காகவும், வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு அதை விற்றவர் எடை, கண்ணாடிக் கதவு, எவ்வளவு பெரிய அறைக்குப் போதும் என்பவை பற்றியெல்லாம் நெடுநேரம் பேசினார். அதை எத்தனை டிகிரியில் எரிக்க வேண்டும் என்பது அந்தப் பேச்சில் வரவேயில்லை. கூடவே வந்த கையேட்டில் "மிகையாக எரிக்கக் கூடாது" என்று ஒரு வரி இருந்தது. மிகை எந்த எண்ணில் தொடங்குகிறது என்பது இல்லை. அந்த எண்களை நானாகத் தேடித் தெரிந்துகொள்வதற்குள் புகைபோக்கியின் உட்சுவரும், கணப்பின் உள்தகடும், ஒரு குளிர்காலத்தின் பெரும்பகுதியும் போய்விட்டன. போன பணத்தைக் கூட்டிப் பார்த்தால், அதில் இன்னொரு கணப்பு வாங்கிய பிறகும் மிச்சம் இருந்திருக்கும்.

முதல் குளிர்காலத்தில் என்னிடம் வெப்பமானியே இல்லை. பொருத்திக் கொடுத்தவர் சொன்ன ஒரே வழிமுறை, இரவில் விறகை நிறைய அடுக்கிவிட்டுக் காற்றுத் திறப்பை ஏறக்குறைய முழுவதும் மூடிவிட வேண்டும், விடியும்வரை தணல் நிற்கும் என்பதுதான். தணல் நிற்கத்தான் செய்தது. காலையில் கதவைத் திறந்தால் கங்கு இருக்கும், சுள்ளி வைத்தால் உடனே பற்றிக்கொள்ளும். தனியாக இருப்பவருக்கு அது பெரிய வசதி; நடுங்கிக்கொண்டே எழுந்து புதிதாகத் தீ மூட்ட வேண்டியதில்லை. கண்ணாடிக் கதவு நாளுக்கு நாள் கறுத்து, பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான படலம் ஏறியதையும், வெளியே புகைபோக்கியிலிருந்து கனத்த புகை தாழ்ந்து இறங்கியதையும் கவனித்தேன். விறகுக் கணப்பு என்றால் இப்படித்தான் இருக்கும் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

உள்ளே நடந்துகொண்டிருந்தது இதுதான். விறகு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும்போது சிதைந்து வாயுக்களை வெளிவிடத் தொடங்குகிறது. விறகில் அடங்கியிருக்கும் வெப்பத்தில் பாதிக்கும் மேல் அந்த வாயுக்களில்தான் இருக்கிறது. அவை முழுமையாக எரிய ஏறக்குறைய 600 டிகிரி வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். காற்றை அடைத்துப் புகைய விட்டால் இந்த இரண்டும் கிடைப்பதில்லை. வாயுக்கள் எரியாமலே, விறகின் ஈரத்தால் உண்டான நீராவியோடு சேர்ந்து மேலே போகின்றன. புகைபோக்கியின் உட்சுவர் சுமார் 120 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடத்தில் அவை குளிர்ந்து, தாராகப் படிகின்றன. கிரியோசோட் என்று சொல்வது இதைத்தான். முதலில் கரித்தூளாகவும், பிறகு பொருக்காகவும், தொடர்ந்து குளிர்ந்த புகையே போய்க்கொண்டிருந்தால் கண்ணாடிபோல் பளபளக்கும் கெட்டிப் பூச்சாகவும் அது மாறுகிறது. இந்தக் கடைசி வகையைத் தூரிகையால் சுரண்டி எடுப்பது மிகக் கடினம். அதைவிட முக்கியமாக, அது நன்றாகத் தீப்பிடிக்கும்.

கடுங்குளிராக இருந்த ஒரு காலையில், இரவெல்லாம் புகைந்த கங்கின் மேல் உலர்ந்த சுள்ளிகளை வைத்துக் காற்றை முழுவதும் திறந்துவிட்டேன். சற்று நேரத்தில் குழாயில் ஓர் இரைச்சல் கேட்டது. முதலில் காற்றின் ஓசை என்று நினைத்தேன். ஆனால் அது ஏறிக்கொண்டே போய், ரயில் மிக அருகில் கடப்பதுபோன்ற அதிர்வாக மாறி, குழாய் தன் பிணைப்புகளோடு நடுங்க ஆரம்பித்தது. காற்றுத் திறப்பை அடைத்தேன், வெளியே ஓடினேன், அங்கிருந்து தீயணைப்பு நிலையத்தை அழைத்தேன். புகைபோக்கியின் உச்சியிலிருந்து பொறிகள் பறப்பதைத் தெருவில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு எதுவுமே ஓடவில்லை. உள்ளே இருக்கும் ஆவணங்களைக்கூட நினைக்கவில்லை. வீரர்கள் அணைத்துவிட்டார்கள், வீடு தப்பியது. ஆனால் புகைபோக்கியின் உள்ளே இருந்த சுட்ட மண் குழாய்கள் நெடுக விரிசல் விட்டிருந்தன. இப்படிப்பட்ட தீயில் உள்ளே 1,100 டிகிரி வரை ஏறக்கூடும் என்று பிறகு தெரிந்துகொண்டபோது அது வியப்பாக இல்லை.

புதிய துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உள்ளே இறக்குவதற்கு ஆன செலவு கணப்பின் விலையை மிஞ்சியது. அந்த வேலைக்கு ஆள் கிடைக்கும்வரை மின் ஹீட்டரோடு காலம் தள்ளினேன். அதற்கான மின்கட்டணம் தனி. இவற்றைவிட என்னை அலைக்கழித்தது தூக்கம்தான். கணப்பு அணைந்து, குழாயும் கழற்றப்பட்ட வீட்டில், நள்ளிரவில் புகை நாற்றம் வருவதாக எழுந்து அறை அறையாக முகர்ந்துகொண்டு திரிந்தேன். இதைச் சொல்வதற்குச் சிலர் கூச்சப்படுகிறார்கள். பல வாரங்கள் நீடித்தாலும் அது இயல்புதான் என்று இப்போது தெரிகிறது. நடைமுறைக்கு வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரைச்சல், குழாயின் நடுக்கம், கடுமையான சூட்டு வாடை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் காற்றுத் திறப்புகளை எல்லாம் அடையுங்கள், கதவைத் திறக்காதீர்கள், வீட்டில் இருப்பவர்களோடு வெளியேறி உதவிக்கு அழையுங்கள். சூடேறிய இரும்பின் மேல் நீரை ஊற்றினால் அது வெடித்து விரிசல் விடும், கொதிநீராவி முகத்தில் அடிக்கும். தீ தானாகவே அடங்கிவிட்டது போலத் தோன்றினாலும், புகைபோக்கியை உள்ளே கேமரா விட்டுச் சோதித்துப் பார்க்காமல் மறுபடி மூட்டக் கூடாது. முதல் தீயில் விரிசல் விட்ட குழாயின் வழியாக இரண்டாவது தீ சுவருக்குள் இருக்கும் மரச்சட்டங்களை எட்டிவிடும்.

இரண்டாவது சோதனை இதற்கு நேர் எதிரானது. புதிதாகப் பொருத்தியவர் கணப்பிலிருந்து கூரைவரை இரட்டைச் சுவர்க் குழாயைப் போட்டார். உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு குழாய், நடுவில் காற்று இடைவெளி. புகையின் சூட்டை உள்ளேயே காத்து, தார் படிவதைக் குறைக்கும் நல்ல ஏற்பாடு அது. போகும்போது, என் பழைய கதையைக் கேட்டு இரக்கப்பட்டு, காந்த வெப்பமானி ஒன்றை அந்தக் குழாயின் மேல் ஒட்டிவிட்டுப் போனார். அதன் முகப்பில் மூன்று வட்டப் பகுதிகள் இருந்தன: 120 டிகிரிக்குக் கீழே தார் படியும் பகுதி, 120 முதல் 240 வரை நல்ல பகுதி, அதற்கு மேல் ஆபத்துப் பகுதி. வழக்கம்போல் எரித்தால் முள் 120க்குக் கீழேயே நின்றது. தாரைக் கண்டு அஞ்சிப் போயிருந்த நான், முள் நல்ல பகுதிக்குள் வரும்வரை காற்றைத் திறந்துவைத்தேன். விறகு மளமளவென்று கரைந்தது. அறையில் பூச்சு தீயும் வாடை அடித்தது. புதிய கணப்பில் வரும் வாடையின் மிச்சம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஒரு மாலையில் விளக்கை அணைத்தபோதுதான், மேல்தகட்டில் குழாய் சேரும் இடத்தைச் சுற்றி மங்கிய சிவப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. இருட்டில் இரும்பு அப்படிக் கண்ணுக்குத் தெரியும்படி சிவக்க 500 டிகிரிக்கு மேல் வேண்டும். முள்ளோ அப்போதும் நல்ல பகுதியின் தொடக்கத்தில்தான் இருந்தது.

காரணம் எளிது, தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். காந்த வெப்பமானி ஒற்றைச் சுவர்க் குழாய்க்கானது. இரட்டைச் சுவர்க் குழாயின் வெளித்தோல் சூடாகக் கூடாது என்பதற்காகவே அந்த இடைவெளி வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே அளக்கும் எண்ணுக்கு உள்ளே ஓடும் புகையோடு நேரடித் தொடர்பே கிடையாது. கணப்பின் உள்ளே, தீக்கு மேலே இருக்கும் எஃகுத் தடுப்புத் தகடு நடுவில் தொய்ந்து வளைந்துவிட்டது, பக்கச் செங்கற்கள் பிளந்தன. உத்தரவாதத்தின் கீழ் மாற்றித் தரும்படி கேட்டதற்கு, மிகையாக எரித்ததால் வந்த சேதம் அதில் அடங்காது என்ற பதில் வந்தது. கையேட்டின் அந்த ஒற்றை வரியையே மேற்கோளாகக் காட்டினார்கள். முதல் முறை அச்சம் என்றால், இந்த முறை எனக்கு வந்தது கோபம்.

அதற்குப் பிறகு நான் தேறிய முறையை விரிவாகச் சொல்கிறேன். ஒற்றைச் சுவர்க் குழாயாக இருந்தால், கணப்பின் மேல்தகட்டிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்தில் காந்த வெப்பமானியை ஒட்டலாம். மேற்பரப்பில் 120 முதல் 240 டிகிரி வரை என்பது அதற்கான எல்லை. இரட்டைச் சுவராக இருந்தால், ஏறக்குறைய அதே உயரத்தில் சிறு துளையிட்டு, முனை புகையின் நடுவில் நிற்கும்படி செருகும் கம்பி வெப்பமானிதான் வேண்டும். அதற்கான எல்லை 200 முதல் 480 டிகிரி வரை. குழாயின் மேற்பரப்பு உள்ளே ஓடும் புகையின் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் காட்டும் என்பதால்தான் இரண்டு எல்லைகளும் இவ்வளவு வேறுபடுகின்றன. காந்த வெப்பமானியில் 250 என்றால் காற்றைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கம்பி வெப்பமானியில் 250 என்றால் தீ இப்போதுதான் தேறி வருகிறது. பிறர் சொல்லும் எண்ணைக் கேட்கும்போது, அவர் எதை, எங்கே அளந்தார் என்பதைக் கேட்காமல் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குழாயில் ஒன்று போதாது, கணப்பின் மேல்தகட்டிலும் ஒன்று இருப்பது நல்லது என்பது என் கருத்து. குழாய் வெப்பமானி தீயின் இப்போதைய போக்கைச் சொல்கிறது, மேல்தகட்டு வெப்பமானி இரும்பு இதுவரை வாங்கிச் சேர்த்துக்கொண்ட சூட்டைச் சொல்கிறது. என் கணப்பில் மேல்தகடு 200க்கும் 340க்கும் இடையில் இருக்கும்போது எல்லாம் சீராக இருக்கிறது. 370ஐ நெருங்கினால் நான் உடனே எழுந்து போகிறேன். இந்த எல்லை ஒவ்வொரு கணப்புக்கும் மாறும், ஆகவே தயாரித்தவரிடம் எழுதிக் கேட்டு, எண்ணாகவே பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. துப்பாக்கி வடிவில் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானி மேல்தகட்டின் பல இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆனால் மங்கலான கறுப்புப் பரப்பில்தான் அது சரியாகச் சொல்லும். பளபளக்கும் எஃகுக் குழாயின் மேல் பிடித்தால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். கண்ணாடிக் கதவின் மேல் பிடித்தால் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும், உள்ளே இருக்கும் தீயின் சூட்டை அல்ல.

முள் எங்கே நிற்கிறது என்பதைவிட, அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதையே நான் இப்போது பார்க்கிறேன். காற்றைக் குறைத்தால் தீ உடனே அடங்கிவிடாது. சூடேறிய விறகு தொடர்ந்து வாயுவை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். எனவே வேண்டிய எண்ணை எட்டிய பிறகு குறைத்தால் தாமதமாகிவிடும். பெரிய விறகுகளைக் கீழேயும், சுள்ளிகளை மேலேயும் வைத்து, மேலிருந்து மூட்டுகிறேன். புகை குறைவு, புகைபோக்கியும் விரைவில் சூடாகிறது. காற்றை முழுவதும் திறந்து வைத்து, கம்பி வெப்பமானி 250ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போதே கால் பங்கு மூடுகிறேன். ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருந்து, முள் இன்னும் ஏறினால் மறுபடி கால் பங்கு. இப்படிப் படிப்படியாக மூடிவரும்போது குழாயின் வெப்பம் மெல்ல இறங்கும், மேல்தகட்டின் வெப்பம் ஏறும். வெப்பம் வானத்துக்குப் போகாமல் வீட்டில் தங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தீச்சுடரும் வேகம் குறைந்து, கணப்பின் உள்ளே மேற்பகுதியில் அலை அலையாக மிதக்கும். அதற்கு மாறாக, விறகு கறுத்துச் சுடரே இல்லாமல் முள் இறங்கினால், சீக்கிரமாக மூடிவிட்டோம் அல்லது விறகு ஈரமாக இருக்கிறது என்று பொருள். வெளியே போய்ப் புகைபோக்கியைப் பார்ப்பதும் நல்ல சோதனை: மூட்டிய கால் மணி, அரை மணி நேரத்துக்குப் பிறகு கண்ணுக்குத் தெரியும் புகை அநேகமாக இருக்கக் கூடாது.

கொழுந்துவிட்டு எரியும் தீயில் காற்றை ஒரேயடியாக அடைப்பது இன்னொரு தொல்லையைக் கொண்டுவரும். எரியாத வாயு உள்ளே தேங்கி, சிறிது காற்று கிடைத்ததும் ஒரே நொடியில் பற்றி, மூட்டு இடுக்குகள் வழியாக அறைக்குள் புகையைத் துப்பும். மறுவிறகு போடும்போதும் அவசரம் ஆகாது. முதலில் காற்றைத் திறந்து, கதவை விரலளவு விலக்கி, இழுவை, அதாவது புகைபோக்கி புகையை மேலே இழுக்கும் வேகம், நிலைத்த பிறகுதான் முழுவதும் திறக்க வேண்டும். ஆழமான தணலின் மேல் சிறு துண்டுகளைக் குவித்தால் முள் பறக்கும். அங்கே பெரிய விறகு இரண்டு மூன்று போதும். இரவுக்கு நான் இப்போது செய்வதும் இதுதான்: பெரிய விறகுகளை வைத்து, இருபது முப்பது நிமிடம் நன்றாக எரியவிட்டு, சுடர் அணையாத அளவுக்குக் காற்றைக் குறைத்துவிட்டுப் படுக்கிறேன். காலையில் முன்போல் நிறையக் கங்கு இருப்பதில்லை. அந்த வசதியை நான் விட்டுவிட்டேன். தணல் மட்டும் எஞ்சியிருக்கும் நேரத்தில் காற்றையும் புகைக்குழாயின் அடைப்பானையும் முற்றிலும் மூடுவது உயிருக்கே ஆபத்து. அப்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. கணப்பு இருக்கும் அறையிலும் படுக்கையறைக்கு அருகிலும் அதற்கான எச்சரிக்கைக் கருவி வேண்டும். தனியாக இருப்பவர்களுக்கு அதைத் தவிர எழுப்ப வேறு எவரும் இல்லை.

காற்றை அடைத்த பிறகும் முள் ஏறிக்கொண்டே போனால், வேறு எங்கிருந்தோ காற்று நுழைகிறது. பெரும்பாலும் கதவைச் சுற்றியுள்ள கண்ணாடியிழைக் கயிறு தேய்ந்திருக்கும், அல்லது சாம்பல் தட்டின் கதவு சரியாகப் பொருந்தியிருக்காது. கணப்பு ஆறியிருக்கும்போது ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவிக்கொண்டு வரும் இடத்தில் கயிறு போய்விட்டது என்று பொருள். கயிற்றின் விலை மிக அற்பம், மாற்றும் வேலையும் ஒரு பிற்பகலில் முடியும். வெளியே குளிர் கடுமையாகும்போது இழுவை தானாகவே கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்; நேற்றைய காற்றளவு இன்றைக்கு மிகையாக இருக்கலாம். வினையூக்கி (புகையைக் குறைந்த வெப்பத்திலேயே எரிய வைக்கும் பாகம்) பொருத்திய கணப்பாக இருந்தால், வினையூக்கி சுமார் 260 டிகிரியை எட்டிய பிறகே, புகை நேராகப் புகைபோக்கிக்குப் போகும் மாற்றுவழியை மூடிப் புகையை வினையூக்கியின் வழியாக விட வேண்டும். அந்த வகையை நான் பயன்படுத்தியதில்லை என்பதால் இதற்கு மேல் சொல்வதற்கில்லை.

விறகைப் பற்றிச் சொல்லாமல் வெப்பத்தைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை. "உலர்ந்தது" என்று சொல்லி எனக்கு விற்ற முதல் குவியலை, ஈரமானி வாங்கிய பிறகு சோதித்தேன். வெளிப்பரப்பில் நல்ல எண் காட்டியது. அதே கட்டையைப் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தின் நடுவில் முனைகளை அழுத்தியபோது 30 சதவீதத்தைத் தாண்டியது. 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டியது அது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க மட்டுமே 2,260 கிலோஜூல் வெப்பம் செலவாகிறது. அதை நாம் வாங்கிய விறகுதான் கொடுத்தாக வேண்டும், அதனால் தீ எவ்வளவு காற்று கொடுத்தாலும் சோம்பும். கடின மர விறகைப் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றுப் படும்படி அடுக்கி ஓர் ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை விட வேண்டும். அடுத்த குளிர்காலத்துக்கான விறகை இந்தக் குளிர்காலத்துக்கு முன்பே வாங்கி வைப்பது வழக்கமாகிவிட்டது.

வெப்பமானிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அவற்றின் உள்ளே இருப்பது இரண்டு உலோகங்களை இணைத்துச் சுருட்டிய சுருள். பலமுறை மிகையாகச் சூடானால் அது தளர்ந்து தவறான எண்ணைக் காட்டும். ஆண்டுக்கு ஒருமுறை புகைபோக்கியைத் துடைக்கும்போது (படிவு 3 மில்லிமீட்டரை எட்டிவிட்டால் அதற்கும் முன்பே துடைக்க வேண்டும்) கம்பியையும் உருவி எடுத்துக் கரியைச் சுரண்டிவிட்டு, சமையலறை மின் அடுப்புப் பெட்டியில் வைத்து, வெப்பம் தெரிந்த நிலையில் முள் சரியான இடத்துக்கு வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். கரி போர்த்திய கம்பி மெதுவாகவும் குறைவாகவும் காட்டும். குறைந்த எண்ணைக் கண்டதும் கை தானாகக் காற்றுத் திறப்பை நோக்கிப் போகும் என்பதால், பருவத்தின் நடுவிலும் ஒருமுறை அதை உருவித் துடைத்துவிடுங்கள்.